மைதிலிக்காவைக் கூட்டிக்கொண்டு போங்கள்

உட்காருங்கண்ணா. அந்த ஸ்டூல் வேண்டாம், அதில் கிரீஸ். ஒர்க்‌ஷாப்புக்கு யாராவது வெள்ளைப் பேண்ட் போட்டுக்கொண்டு வருவார்களா? இந்தப் பிளாஸ்டிக் சேரில் உட்காருங்க. நேற்று புண்ணாக்கு வியாபாரி ஒருத்தர் வேட்டியோடு உட்கார்ந்துவிட்டு எழுந்து போனார், ஒன்றும் ஆகவில்லை. மைதிலிக்கா வண்டியை ஓட்டிப் பார்க்க நீலாம்பூர் பைபாஸ் வரைக்கும் போயிருக்கிறாள். வந்துவிடுவாள்.

அதோ கேட்டுக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான் என் அப்பா நாச்சிமுத்து. இந்த ஒர்க்‌ஷாப் அவருடையது. கூப்பிடாதீங்க, கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். வண்டி வரும்வரைக்கும் ரோட்டைத்தான் பார்ப்பார். இப்போதெல்லாம் அவருக்கு என்னைத் தவிர எதைப் பார்த்தாலும் பிடிக்கிறது.

நீங்க யார் என்று நான் சொல்லட்டுமா? "ஹலோஓ, மைதிலி மேடம்ங்களா? நான் ஓசூர்ல இருந்து பிரேம்நாத் பேசறேஏன்." சரியா வந்ததா? அந்தக் கடைசி 'பேசறேன்'னை ஊஞ்சல் மாதிரி ஓர் ஆட்டு ஆட்டுவீங்க, அதுதான் உங்க அடையாளம். கோபித்துக்கொள்ளாதீங்கண்ணா. யார் குரலைக் கேட்டாலும் என் தொண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொள்கிறது, நான் என்ன செய்ய?

என் பெயர் சஷ்மிதா. பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கிறேன். போன வருஷம் பள்ளிக்கூட மைக்கில் ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில், "பிளஸ் ஒன் கேர்ள்ஸ், உங்களுக்கு மட்டும் மத்தியானம் லீவ். சத்தமில்லாம போகணும், புரிஞ்சுதா?" என்றேன். அத்தனை பேரும் சத்தமில்லாமல் போய்விட்டார்கள். அந்த அம்மாவே 'நான் எப்போ சொன்னேன்' என்று கேட்கவில்லையாம், 'நான் ஏன் சொன்னேன்' என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தாராம். அந்த அளவுக்கு நம்ம வேலை சுத்தம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மைதிலிக்காவை உங்க ஓசூர் கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கீங்க. ரேஸ் வண்டி, பெரிய ஷெட், ஏசி ரூம். நல்லது. ரொம்ப நல்லது. பெட்டியை நானே கட்டித் தருகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ கூட நானே பிடித்துத் தருகிறேன். பொறாமை என்று நினைத்துவிடாதீங்க. எனக்கென்ன பொறாமை? நல்ல வேலைக்காரி நல்ல இடத்துக்குப் போகட்டும் என்கிற எண்ணம்தான். அவ்வளவு நல்லவளா என்று கேட்டீங்கன்னா, அது வேறு கதை.

முன்னாடி இந்த ஒர்க்‌ஷாப் எப்படி இருந்தது தெரியுமா? நானும் அப்பாவும்தான். வேலைக்கு ஆட்கள் வருவார்கள், போவார்கள், அது கணக்கில்லை. யாராவது போனில் கூப்பிட்டு, "ஏனுங்க நாச்சிமுத்தண்ணா, என்ற வண்டில என்னமோ சத்தம் வருதுங்" என்பார்கள். என்ன சத்தம் என்று கேட்டால் ஒருத்தருக்கும் சொல்லத் தெரியாது. "அது ஒரு மாதிரி சத்தமுங்." உடனே அப்பா என்னை அனுப்புவார். நான் அந்த வண்டியில் ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து அப்பா முன்னால் நின்று, 'ஙொய்ய்ய்ய்... கட்டக்... ஙொய்ய்' என்று அப்படியே செய்து காட்டுவேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கேட்டுவிட்டு, "அம்முணி, இது பேரிங்கு" என்பார். கழற்றினால் பேரிங்காகத்தான் இருக்கும். ஆவாரம்பாளையம் முழுக்க இது பிரசித்தம். லேத் பட்டறைக்காரர்கள் கூட வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வருவார்கள். அப்புறம் அப்பா, "அம்முணி, நம்ம தோப்புக்காரத் திருமூர்த்தி மாதிரி பேசு" என்பார். நான் பேசுவேன். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த டயர் குவியல் மேலே சாய்ந்துவிடுவார்.

இப்போது பேசினால் என் வாயையே பார்க்கிறார். நான் முடித்து ரொம்ப நேரம் கழித்து, கடமைக்கு ஒரு சிரிப்பு. அதுவும் மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துவிட்டு.

எல்லாம் பொங்கலுக்குப் பிறகு. அப்போதுதான் தாராபுரத்திலிருந்து இவள் வந்தாள். என் அத்தை மகள். ஆட்டோமொபைல் டிப்ளமோ. திருப்பூரில் ஒரு ஷோரூமில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவளை அப்பாவே போன் போட்டு வரச் சொன்னார். எதற்கு? நான் இல்லையா? கேட்டால், "அவளுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தெரியும் அம்முணி" என்றார். எங்க அப்பாவுக்குத் தெரியாத கியர்பாக்ஸா!

வந்தவள் முதல் நாளே அப்பாவுக்கு இடது பக்கம் போய் நின்றாள். அங்கிருந்து நகரவே மாட்டாள். எந்த வேலையானாலும், எங்கே போனாலும் அந்த இடது பக்கம் அவளுக்குப் பட்டா போட்ட இடம். அப்புறம் இந்தத் தோளைத் தொடுவது. ஒன்று சொல்ல வேண்டுமென்றால் முதலில் தோளைத் தொட்டு, அவரைத் தன் பக்கம் திருப்பி, அதற்கப்புறம்தான் வாயைத் திறப்பாள். அந்தப் பேச்சைக் கேட்கணுமே! "மா-மா. ஆயி-லுல. கரு-கல். வாசம். வரு-துங்க." ஒன்றாம் வகுப்பு டீச்சர் அட்டையைத் தூக்கிக் காட்டுகிற மாதிரி. என்னிடம் மட்டும், "சஷ்மி, அந்த ஸ்பேனரைக் குடு" என்று வெடுக்கென்று வரும். அவருக்கு மட்டும் தேன். ஆளை எப்படிப் பிடித்துப் போடுகிறாள் பாருங்க.

அப்பாவும் அதற்கு மயங்கிவிட்டார். நான் பின்னாலிருந்து பத்து கூப்பாடு போட்டாலும் திரும்ப மாட்டார். அவள் தோளில் விரல் வைத்தால் போதும். வீட்டிலும் இப்படித்தான். டிவியை அலற விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாங்கள் பேசுவது காதில் விழக் கூடாதாம், அப்படி ஒரு வீம்பு. அம்மா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு சமைக்கிறாள்.

இந்தக் கூத்தெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதுதான் திருமூர்த்தியண்ணன் வண்டி வந்தது. இப்போது அவரும் அவளும் ஓட்டிப் பார்க்கப் போயிருப்பது அந்த வண்டிதான். அண்ணனுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு. தோப்பைவிட இந்த வண்டி மேலேதான் உசிர். கறுப்பு டீசல் பிக்கப். சேற்றிலும் பாறையிலும் ஏற்றுகிற போட்டிக்கெல்லாம் கொண்டுபோவார். இஞ்சினுக்குப் பலத்தை ஏற்றி, அந்தப் பலத்தைத் தாங்குகிற மாதிரி வெளிநாட்டு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஒன்றையும் எப்போதோ போட்டிருந்தார். அது தேய்ந்துபோய்விட்டது. எப்படி வந்து சொன்னார் தெரியுமா? அவருக்கு எல்லாப் பேச்சும் மூக்கு வழியாகத்தான் வரும். "நாச்சிமுத்தண்ணோவ், ரெண்டுல இருந்து மூணுக்குப் போறப்ப இஞ்சினு மட்டும் ஆகாசத்துக்குப் போவுதுங், வண்டி அங்கியே நிக்குதுங். அடுத்த மாசம் மலையேத்தப் போட்டி இருக்குதுங். என்ற மானத்தைக் காப்பாத்துங்ணா."

நான் உடனே தயாராகிவிட்டேன். வண்டியில் ஏறி ஒரு ரவுண்டு போய் சத்தத்தைப் பிடித்துவரலாம் என்று செருப்பைக் கூட மாட்டிவிட்டேன். அப்பா, "மைதிலி, நீ போய் கேட்டுட்டு வா கண்ணு" என்றார்.

கண்ணு!

அவள் போய்விட்டு வந்து என்ன செய்தாள்? சத்தத்தைச் செய்து காட்டினாளா? அதெல்லாம் வராது அவளுக்கு. ஒரு துணியில் ஆயிலைத் தொட்டு அப்பா மூக்குக்குக் கீழே நீட்டினாள். அப்பா மோந்து பார்த்தார். ஆயில் கறுத்து, தோசை தீய்ந்த மாதிரி நாற்றம். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்கள். பேச்சே இல்லை. ஊமைப் படம். நான் எதற்கு அங்கே?

உங்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அப்பா குரலில் ஒரு தடவை கேளுங்க: "இதுல எண்ணெய்தான் அம்முணி ரத்தம். எண்ணெய் போற போக்குல பிளேட்டுங்க ஒண்ணை ஒண்ணு அமுத்திப் புடிக்கோணும். புடி விட்டுச்சுன்னா இஞ்சின் கத்தும், வண்டி நவுராது." இதைப் பழைய அப்பா சொன்ன மாதிரி சொன்னேன். இப்போதைய அப்பா எல்லாவற்றையும் கத்திப் பேசுகிறார். அதுவும் அவள் வந்த பிறகுதான்.

இறக்கிப் பிரித்தார்கள். உள்ளே பிளேட்டெல்லாம் கரிந்துபோய், வழவழவென்று. புது பிளேட்டு வரவழைத்து எண்ணெயில் ஊறப் போட்டாள். டார்க் கன்வர்ட்டரை, அதுதான் இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே பூசணிக்காய் மாதிரி உட்கார்ந்திருக்குமே, அதை லேத்துக்கு அனுப்பி அறுத்து, உள்ளே புதுப்பித்து, திரும்ப ஒட்டி வாங்கினாள். அப்புறம் வால்வு பாடி. எண்ணெய்க்கு வழி சொல்கிற தட்டு. அதற்குள் குட்டிக் குட்டி ஸ்பிரிங், கடுகு பெருத்த மாதிரி இரும்புக் குண்டுகள். அதையெல்லாம் வெள்ளைத் துணியில் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு, பூ கட்டுகிறவள் மாதிரி உட்கார்ந்து கோத்தாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அதை அப்படி ரசித்தார். நான் பிளஸ் டூ கெமிஸ்ட்ரி பிராக்டிகலில் முழு மார்க் வாங்கியபோது கூட அப்படிப் பார்த்ததில்லை.

எனக்குக் கை அரித்தது. கை என்ன, தொண்டை.

அவள் எல்லாவற்றையும் பூட்டி முடித்தாள். அப்பா அந்த மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு வேறொரு வேலையில் இருந்தார். நான் கம்பிரஸருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அப்பா குரலில், "மைதிலீ! அந்த வால்வு பாடியை மறுக்கா கழட்டு!" என்றேன். அவள் எழுந்து போய், வழக்கம்போல் தோளைத் தொட்டு, "ஏனுங் மாமா, எதுக்குக் கழட்டச் சொன்னீங்க?" என்றாள்.

இப்போதுதான் வேடிக்கை. அப்பா அவளைப் பார்த்தார். அக்கம்பக்கம் பார்த்தார். அப்புறம், "ஆமா, ஆமா. நாந்தான் சொன்னேன். கழட்டு" என்றார்!

ஹெட்மிஸ்ட்ரஸ் கதையைவிட இது பெரிசு இல்லையா? சொந்தக் குரல் என்று அவரே நம்பிவிட்டார்! நான் கம்பிரஸருக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் விக்கல் வந்துவிட்டது. அப்பா முகம் போன போக்கைப் பார்க்கணுமே. தொலைந்துபோன சாவியைத் தேடுகிறவர் மாதிரி.

அவளும் மறுபேச்சு இல்லாமல் கழற்றினாள். கழற்றியதில் ஒரு குண்டு பக்கத்துக் குழிக்கு நழுவியிருந்ததைக் கண்டுபிடித்தாளாம். அப்படியே விட்டிருந்தால் போட்டியில் பாதி மலையில் வண்டி நின்றிருக்குமாம். திருமூர்த்தியண்ணன் வந்ததும் அப்பா அவள் முதுகைத் தட்டி, "எம்பட மருமக கண்ணுல எதுவும் தப்பாது" என்கிறார். யாரால் கண்டுபிடித்தாள்? என்னால். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அடுத்தது காற்றுச் சோதனை. உங்க கம்பெனியிலும் செய்வீங்க இல்லையா? கியர்பாக்ஸை முழுதாகக் கோத்தபிறகு, எண்ணெய் போகிற ஓட்டையில் கம்பிரஸர் காற்றை விட்டால் உள்ளே பிளேட்டு பிடிக்கும். நன்றாகப் பிடித்தால் 'தொப்'. சீல் ஒழுகினால் 'புஸ்ஸ்ஸ்'. கேட்டுத்தான் சொல்ல வேண்டும். இதில் எங்க அப்பாவை அடிக்க இந்த ஊரில் ஆள் கிடையாது. தூரத்தில் டீ குடித்துக்கொண்டே, "மூணாவது புஸ்ஸுங்குது பாரு" என்பார்.

அன்றைக்கு என்ன செய்தார் தெரியுமா? காற்றுக் குழாயை அவர் பிடித்துக்கொண்டார். கியர்பாக்ஸ் மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டார், ஆசீர்வாதம் பண்ணுகிற மாதிரி. ஒவ்வொரு ஓட்டைக்கும் காற்று விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார். அவள் தலையாட்டினால் அடுத்தது. காது கேட்கிற வேலையை முழுசாக அவளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்! நான் ஒருத்தி, அந்தத் 'தொப்'பையும் புஸ்ஸையும் அச்சு அசலாகச் செய்கிறவள், அங்கே கையில் கந்தலோடு நிற்கிறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் பக்கம் திரும்பி "எப்படி அம்முணி?" என்று கேட்டிருக்கலாம் இல்லையா?

அந்த ஆத்திரத்தில்தான் அடுத்த வேலையைச் செய்தேன். டார்க் கன்வர்ட்டரைக் கியர்பாக்ஸில் பொருத்தும்போது சுற்றிக்கொண்டே உள்ளே தள்ள வேண்டும். மூன்று படி. டக், டக், டக். மூன்றாவது டக் விழாமல் போல்ட்டை முடுக்கினால் உள்ளே இருக்கிற பம்ப் நொறுங்கிப்போகும், அத்தனை வேலையும் குப்பை. உங்களுக்குத் தெரியாததா. அப்பா ஒரு பக்கம் தாங்கிப் பிடித்திருக்கிறார், மைதிலிக்கா சுற்றித் தள்ளுகிறாள். டக். டக். அப்புறம் சுற்றுகிறாள், சுற்றுகிறாள், விழவில்லை. நான் அப்பாவுக்குப் பின்னால் ஒரு முழத் தூரத்தில் நின்றுகொண்டு நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி இழுத்தேன்.

டக்.

ஐயோ அண்ணா, அந்த டக்கை நீங்க கேட்டிருக்க வேண்டும்! இரும்பும் எண்ணெயும் கலந்த டக். என் வாழ்க்கையிலேயே அப்படி ஒரு டக் எனக்கு வந்ததில்லை. மைதிலிக்கா அப்படியே நின்றுவிட்டாள். அப்பா இருக்கிறாரே, தலையைக் கூடத் திருப்பவில்லை. கண் இமை அசையவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். முன்னெல்லாம் இந்த மாதிரி ஏதாவது செய்தால் "அடக் கழுதை" என்று சிரித்துக்கொண்டே ஸ்பேனரை ஓங்குவார். திட்டுக்குக் கூட நான் லாயக்கில்லையா?

அவள் ஸ்கேலை எடுத்து ஆழத்தை அளந்தாள். "இன்-னும். உள்-ள. போகலீங். மாமா" என்றாள். அப்புறம் நிஜ டக் விழுந்தது. என்னுடையதில் பாதிகூட இல்லை.

சாயங்காலம் குழாயடியில் கை கழுவும்போது என்னிடம் வந்தாள். "சஷ்மி, நீ என்கிட்ட என்ன வேணா விளையாடு. மாமா இருக்கறப்ப சத்தத்துல விளையாடாத. அவரு..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். "அவரு என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல, உனக்கு வேற வேலையே இல்லயா?" என்றாள். எங்க அப்பாவைப் பற்றி எனக்கே சொல்ல வருகிறாள், அதையும் பாதியில் முழுங்குகிறாள். 'அவரு எங்க மாமா' என்றுதான் சொல்ல வந்திருப்பாள். "எனக்கு அப்பா" என்றேன். அவள் சோப்பை என்னிடம் நீட்டிவிட்டுப் போய்விட்டாள்.

இதோடு நின்றிருந்தால் நான் உங்க விஷயத்தில் தலையிட்டிருக்கவே மாட்டேன். அதற்கடுத்த நாள் நான் ஆயில் டின் எடுக்கப் போனபோது இரண்டு பேரும் வண்டிக்கு அந்தப் பக்கம். அப்பா ரகசியம் பேசுகிறார். அவருடைய ரகசியம் இப்போதெல்லாம் தெருமுனை வரைக்கும் கேட்கும். "சஷ்மிக்கு மட்டும் தெரிய வேண்டாம் கண்ணு. தெரிஞ்சா நாலு பேரு முன்னாடி செஞ்சு காட்டிருவா."

கேட்டீங்களா? எனக்கு மட்டும் தெரியக் கூடாதாம்! என்ன பெரிய ரகசியம்? ஒர்க்‌ஷாப்பை அவள் பேருக்கு மாற்றப்போகிறார், வேறென்ன? அதை நான் எப்படி நாலு பேர் முன்னால் செய்து காட்டுவது? பத்திரப்பதிவு ஆபீஸ் மாதிரி நடிக்கவா? வயசாக வயசாக என்ன பேசுகிறோம் என்றே தெரியவில்லை அவருக்கு.

அன்றைக்கே உங்க போன் வந்தது. மைதிலிக்கா தன் போனை இந்த மேஜையில் வைத்துவிட்டு வண்டிக்கு அடியில் படுத்திருந்தாள். நீங்க ஏற்கெனவே இரண்டு மூன்று தடவை கூப்பிட்டதும், அவள் "இல்லீங் சார், மாமாவை விட்டுட்டு வர முடியாதுங்" என்று மறுத்ததும் எனக்குத் தெரியும். எடுத்தேன். "வணக்கமுங் சார். யோசிச்சுப் பாத்தேனுங். வர்றேனுங். நீங்க ஒருக்கா நேர்ல வந்து மாமாகிட்ட கேட்டுட்டு என்னைக் கூட்டிட்டுப் போயிருங்."

அட, ஏன் அண்ணா இப்படிப் பார்க்கறீங்க? ஆமாம், நான்தான். அவளில்லை. அதனால் என்ன? நீங்க ஓசூரிலிருந்து வந்தது வீண் போகாது. நீங்க பேசுங்க, நானும் பேசுகிறேன், அவள் கிளம்பிவிடுவாள். அவள் போனால் அப்பா பழையபடி என் பக்கம் திரும்புவார். "அம்முணி, இது என்ன சத்தம்?" என்று கேட்பார். எனக்கு அது போதும். உங்களுக்கும் ஆள் கிடைத்த மாதிரி. யாருக்கு நஷ்டம்?

இதோ வண்டி! கேட்கிறதா அந்த இஞ்சின்? இரண்டு... மூன்று... கியர் வெண்ணெய் மாதிரி விழுகிறது பாருங்க, ஒரு உதறல் இல்லை. நன்றாகத்தான் செய்திருக்கிறாள், சனியன். ரோட்டைத் தோண்டிப் போட்டிருப்பதால் அந்தப் பக்கச் சந்து வழியாகச் சுற்றி வருகிறார்கள். அப்பா இன்னும் பைபாஸ் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கிறார். நடு வழியில். திருமூர்த்தியண்ணன் ஹாரன் அடிக்கிறார். அப்பா, கொஞ்சம் தள்ளுங்க! பிடிவாதத்தைப் பாருங்கண்ணா. முதுகுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது, பிக்கப்பில் மாட்டிய லாரி ஹாரன் அது, எதிர் பேக்கரியில் டீ குடிக்கிறவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். இவர் அசைய மாட்டேன் என்கிறார். நாய் கூட ஓடிவிட்டது. மைதிலிக்கா குதித்து இறங்கி ஓடுகிறாள் பாருங்க. ஆரம்பித்துவிட்டாள், தோளைத் தொடுவதற்கு...

என்ன கேட்டீங்க?

காதா? யாருக்கு? எங்க அப்பாவுக்கா? சேச்சே. ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்க அப்பா காதுக்குத்தான் பேர். டீ குடித்துக்கொண்டே, தூரத்திலிருந்து...

இல்லைண்ணா. அது என் மேலே கோபம். நான் சொன்னேனே.

பொறுங்க, இப்போதே காட்டுகிறேன். அவள் உள்ளே வரட்டும். வந்துவிட்டாள். அப்பா அங்கேயே வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், முதுகு நம்ம பக்கம். யார் குரலும் வேண்டாம், என் குரலிலேயே கூப்பிடுகிறேன். என் குரல் எது என்று கொஞ்சம் தேடணும்.

அப்பா!

அப்பா! ஏனுங் அப்பா!

பேக்கரிக்காரர் திரும்பிப் பார்க்கிறார். திருமூர்த்தியண்ணன் பார்க்கிறார்.

கம்பிரஸருக்குப் பின்னாலிருந்து நான் கத்தினேனே, அது அவருக்குக் கேட்கவே இல்லை. அவள் வந்து கேட்டதும், தான்தான் சொல்லிவிட்டு மறந்துவிட்டோம் என்று... அதற்கு நான் சிரித்தேன். உங்களிடமும் இப்போது சிரித்துக்கொண்டேதானே சொன்னேன்?

செய்து காட்டியிருப்பேன் அண்ணா. அவர் சொன்னது சரி. பொங்கலுக்கே தெரிந்திருந்தால் செய்து காட்டியிருப்பேன். கையைக் காதில் குவித்துக்கொண்டு, "ஆங்? ஆங்?" என்று. லேத் பட்டறைக்காரர்களெல்லாம் வந்து பார்த்துச் சிரித்திருப்பார்கள். நன்றாக வந்திருக்கும்.

அவளுக்குத் தெரியும். பெத்த மகளுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். அது மட்டும் எனக்கு இப்பவும் எரிகிறது, பொய் சொல்லவில்லை.

எழுந்திருங்கண்ணா. அவள் இந்தப் பக்கம் வருகிறாள். நீங்க வாயைத் திறக்காதீங்க, நானே பேசிக்கொள்கிறேன்.

"அக்கா, இவரு ஆயில் விக்கற கம்பெனிங். நம்ம கிட்ட நெறைய ஸ்டாக் இருக்குதுன்னு சொல்லிட்டேன். கெளம்பறாரு. நீ போய்க் கைகழுவு, உனக்கு டீ சொல்றேன்."

போய்விட்டாள். பாவம், நான் டீ சொல்கிறேன் என்றதும் பயந்துபோய்ப் பார்த்தாள், அதில் என்ன கலப்பேனோ என்று.

இந்தச் சந்து வழியாகப் போங்கண்ணா, பஸ் ஸ்டாப் பக்கத்தில்தான். ஓசூர் போனதும் போன் பண்ணாதீங்க. பண்ணினால், "வர முடியாதுங் சார்" என்று அவள் குரலில் பதில் வரும். அது அவளா நானா என்று நீங்க மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இருங்க, இருங்க. அப்பா திரும்பிவிட்டார். இங்கேதான் வருகிறார். என்னைத்தான் பார்க்கிறார். அண்ணா, என் முகம் எப்படி இருக்கிறது? அழுத மாதிரி தெரிகிறதா? சீக்கிரம் சொல்லுங்க. அவர் இனி என் குரலையா கேட்பார், முகத்தைத்தானே கேட்பார்.